கரையில் நின்றால் மட்டும் போதுமா?



நம்ம ஊர் ஓடையில் வருஷத்துக்குப் பத்து நாள் தண்ணி ஓடினாலே அதிசயம். அந்தப் பத்து நாளும் பையன்கள் லாரி டியூப்பைத் தூக்கிக்கிட்டு ஓடுவார்கள். பெரியவர்கள் "போகாதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளிடம் அதைக்கூடச் சொல்வதில்லை. நாங்கள் கரையில்தான் நிற்போம் என்று அவர்களே முடிவு பண்ணிவிட்டார்கள். இது சரியா?

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில் எஸ்கலான்டே என்று ஒரு சின்ன ஆறு இருக்கிறது. மலையில் பனி உருகும் காலத்தில் கொஞ்ச நாள்தான் படகு விடத் தண்ணீர் வரும். சில வருஷம் அதுவும் வராது. வந்தால் நண்பர்கள் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். காற்றடைத்த சின்னக் கயாக் படகில் துடுப்புப் போட்டுப் போய், கடைசியில் அதை முதுகில் சுமந்து மேலே ஏறுகிறார்கள்.

அவர்கள் எடுத்தவுடனே குதிப்பதில்லை. முதலில் ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று பார்க்கிறார்கள். வேகமான நீரை 1 முதல் 6 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். 1 சுலபம், 6 உயிருக்கே ஆபத்து. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் கரையேறி நடந்து போய்ப் பார்க்கிறார்கள். மிதவைச் சட்டை, தலைக்கவசம், கயிறு எல்லாம் உண்டு. விழுந்து கிடக்கும் மரம் என்றால் அவர்களுக்கு ரொம்பப் பயம். தண்ணீர் கிளைக்குள் புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். நம் ஓடை பூராவும் சீமைக் கருவேலம் நிற்கிறதே, யாராவது இதை நமக்குச் சொன்னார்களா?

1997 ஆகஸ்ட் 12-ல் அரிசோனாவில் ஆன்டிலோப் என்ற குறுகிய பள்ளத்தாக்கில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்ததோ பல மைல் தள்ளி. 2024 மே மாதம் பழைய குற்றாலத்திலும் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார். நம்ம தலைக்கு மேலே வெயில் அடித்தாலும் மேற்கே மலையில் பெய்தால் தண்ணி வரும். "போகாதே" என்ற வார்த்தையில் இந்தப் பாடம் இல்லை.

"கத்துக் கொடுத்தா இன்னும் அதிகமாத்தானே போவாங்க?" என்று கேட்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தெரிந்தவர்தான் ஆபத்தான இடத்தில் படகைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடப்பார். தெரியாதவர்தான் குதிப்பார்.

பெண்ணால் முடியாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1938-ல் எல்சாடா குளோவர், லோயிஸ் ஜாட்டர் என்ற இரண்டு பெண்கள் கொலராடோ ஆற்றின் பயங்கரமான பள்ளத்தாக்குகளைப் படகில் கடந்தார்கள். தாவரங்களை ஆராயப் போனவர்கள் அவர்கள். பெண்கள் போகக்கூடிய இடமா இது என்று அப்போதும் பேசினார்கள். அவர்கள் செடிகளைச் சேகரித்துக்கொண்டு பத்திரமாகத் திரும்பினார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? எங்க பாட்டி இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர். அதுதான் அந்தக் காலத்து மிதவைச் சட்டை! பாட்டிக்குத் தெரிந்த நீச்சல் எனக்குத் தெரியாது. எங்கள் வகுப்புப் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கும் தெரியாது. இது முன்னேற்றமா?

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, விளையாட்டுப் பிரிவேளையில் ஆண், பெண் இருவருக்கும் நீச்சல் சொல்லித் தர ஏற்பாடு செய்ய வேண்டும். நீச்சல் தெரிந்த அம்மாக்கள் நம்ம ஊரிலேயே இருக்கிறார்கள். இரண்டு, மழைக்காலத்துக்கு முன்னால் காலை வணக்கக் கூட்டத்தில் ஒருநாள் வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று, ஒருவர் தண்ணீரில் மாட்டினால் பின்னாலேயே குதிக்காமல் கயிறோ டியூப்போ வீசக் கற்றுத்தர வேண்டும்.

தோழிகளே, ஓடை பையன்களுக்கு மட்டும் ஓடவில்லை. வெள்ளமும் ஆண், பெண் பார்த்து இழுப்பதில்லை. சிந்திப்பீர்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி