பவர் அவனுக்கு, பாப் அவளுக்கு

முன்பு நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் கிட்டார் வாசிக்கத் தெரிந்த மாணவி ஒருத்தி இருந்தாள். ஆண்டுவிழா ஒத்திகையின் முதல் நாளே அவள் கையிலிருந்த கிட்டாரை வாங்கி ஒரு பையனிடம் கொடுத்துவிட்டார்கள். "நீ பாடும்மா, அவன் வாசிக்கட்டும். மேடையில பார்க்க நல்லா இருக்கும்" என்றார் பொறுப்பாசிரியர். அவள் என்னிடம் வந்து அழவில்லை. "எனக்குப் பாட வராது மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம்தான் நண்பர் ஒருவர் எனக்கொரு பட்டியல் கொடுத்தார். பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர் அவர். நல்ல வாசகர், என் கவிதைகளையும் படிப்பவர். கவனிக்கப்படாமல் போன பவர் பாப் குழுக்கள் என்று இருபத்தைந்து பெயர்களைக் கைப்பட எழுதியிருந்தார். மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் பார்த்தேன். பெண்கள் குழு ஒன்றுகூட இல்லை. "பேங்கிள்ஸ் எங்கே? கோ-கோஸ் எங்கே?" என்று கேட்டேன். "அதெல்லாம் பாப், தோழர். பவர் பாப் வேற" என்றார். கொஞ்சமும் கெட்ட எண்ணமில்லாமல்தான் சொன்னார். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

பவர் பாப் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மூன்று நிமிடப் பாட்டு. முறுக்கிவிட்ட கிட்டார், அடித்து நொறுக்கும் டிரம்ஸ். அவற்றின் மேல் தேனாக ஒரு மெட்டு, இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாகச் சேர்ந்து பாடும் பல்லவி. உள்ளே ஒரு ஏக்கம். சத்தமும் இனிமையும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்கும் இடம் அது. அந்தச் சத்தத்தை ஆண் எழுப்பினால் 'பவர்' என்கிறார்கள். அதே சத்தத்தைப் பெண் எழுப்பினால் முன்னால் இருக்கும் சொல் உதிர்ந்துவிடுகிறது, 'பாப்' மட்டும் மிஞ்சுகிறது. ஒரு சொல்தானே என்று விட முடியவில்லை. யாரை ஆராய்வது, யாரை மறுபதிப்புச் செய்வது, யாரைப் பற்றி ஆவணப்படம் எடுப்பது என்பதையெல்லாம் முடிவுசெய்வது அந்தச் சொல்.

இந்த இசையின் பிறப்புக் கதையை எல்லோரும் பீட்டில்ஸிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சரி, பீட்டில்ஸிலிருந்தே தொடங்குவோம். 1963இல் வெளிவந்த அவர்களுடைய முதல் இரண்டு ஆல்பங்களிலும் சேர்த்து, பிறரிடமிருந்து எடுத்துப் பாடியவை 12. அவற்றில் 5 பாட்டுகள் அமெரிக்கப் பெண்கள் குழுக்கள் பாடி வெளியிட்டவை. ஷிரெல்ஸ் பாடியவை இரண்டு. குக்கீஸ், மார்வலெட்ஸ், டோனேஸ் பாடியவை ஒவ்வொன்று. டோனேஸின் பாட்டில் 'அவன் நெஞ்சில் சாத்தான்' என்று இருந்ததை 'அவள் நெஞ்சில்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஷிரெல்ஸின் 'பாய்ஸ்' பாட்டின் பல்லவியை மாற்றவே இல்லை. பையன்களைப் பற்றிப் பெண்கள் பாடிய அந்தப் பல்லவியை ரிங்கோ ஸ்டார் உற்சாகமாக அப்படியே பாடினார்.

நால்வரும் அந்தப் பெண்களின் பாட்டுகளை விரும்பித்தான் பாடினார்கள். அதில் எனக்குக் குறையில்லை. கேள்வி கூட்டுக்குரல் எங்கிருந்து வந்தது என்பது. முதற்குரல் கேட்க, பின்குரல்கள் பதில் சொல்ல, பல்லவியில் எல்லாரும் ஒன்றாக எழும் அந்த அமைப்பை இந்த நால்வர் யாரிடம் படித்தார்கள்? மற்றவர்களோடு சேர்த்து, நியூ ஜெர்சியின் பசாயிக் நகரத்துப் பள்ளித் தோழிகளிடமும், மிச்சிகனின் இங்க்ஸ்டர் ஊர்ப் பள்ளி மாணவிகளிடமும். எல்லாரும் கறுப்பினப் பெண்கள். 1961இன் தொடக்கத்திலேயே ஷிரெல்ஸின் பாட்டொன்று அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்துவிட்டது. அதே ஆண்டின் இறுதியில் மார்வலெட்ஸின் 'பிளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' முதலிடம் வந்தது. மோட்டவுன் நிறுவனத்துக்கு அந்த வரிசையில் கிடைத்த முதல் முதலிடம் அது. பவர் பாப்பின் வம்சாவளி எழுதுபவர்கள் லிவர்பூல் வரை போகிறார்கள், அங்கே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் இரண்டு வருடம் பின்னால் போனால் பாட்டிமார்கள் நிற்பது தெரியும்.

அந்த 'போஸ்ட்மேன்' பாட்டை எழுதியவர்களில் ஒருவர் ஜார்ஜியா டாபின்ஸ். மார்வலெட்ஸ் குழுவைச் சேர்ந்தவர். பாட்டு பதிவாகும்போது அவர் குழுவில் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அப்பா அனுமதிக்கவில்லை. பாட்டு உலகமெல்லாம் போனது, எழுதியவர் வீட்டில் இருந்தார். "பெண்கள் குறைவாகத்தானே இருந்தார்கள், பட்டியல் போடுகிறவன் என்ன செய்வான்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஜார்ஜியா டாபின்ஸ். குறைவாக இருந்தார்களா, குறைக்கப்பட்டார்களா என்று முதலில் கேளுங்கள்.

பெயர் வைத்தவர் ஒரு ஆண். 1967இல் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தங்கள் இசையைக் குறிக்க 'பவர் பாப்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அந்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட பாட்டு 'பிக்சர்ஸ் ஆஃப் லில்லி'. தூக்கம் வராத பையனுக்கு அப்பா ஒரு பெண்ணின் படங்களைக் கொடுக்கிறார். பையன் படங்களில் மயங்குகிறான். பிறகுதான் தெரிகிறது, அந்தப் பெண் எப்போதோ செத்துப்போய்விட்டாள். பாட்டைக் குறை சொல்ல வரவில்லை, கேலியும் இரக்கமும் கலந்த நல்ல பாட்டு. ஆனால் பெயர்சூட்டு விழாவில் பெண் எங்கே இருந்தாள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுவரில் படமாக இருந்தாள்.

1979இல் அவள் இசைத்தட்டு உறைக்கு வந்தாள். 'மை ஷரோனா' பாட்டு அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. இந்த வகையிலேயே மிகப் பெரிய வெற்றி. ஷரோனா கற்பனைப் பாத்திரம் அல்ல. தி நேக் குழுவின் பாடகர் அவளைச் சந்தித்தபோது அவளுக்கு 17 வயது, அவருக்கு இருபதுகளின் நடு. இசைத்தட்டின் உறையில் நிற்பதும் அவளேதான். பெண் பாட்டின் தலைப்பாக இருக்கலாம், உறைப்படமாக இருக்கலாம். கிட்டாரோடு நின்றால்தான் வகைப்பாட்டுச் சிக்கல் வந்துவிடுகிறது.

இந்த இரண்டு பாட்டுகளுக்கும் நடுவில், 1970இல், ஃபேன்னி என்ற குழுவின் முதல் ஆல்பம் வந்தது. மணிலாவில் பிறந்து கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த ஜூன், ஜீன் மில்லிங்டன் சகோதரிகளின் குழு. பெரிய நிறுவனம் ஒன்று வெளியிட்டு, பெண்கள் மட்டுமே எல்லாக் கருவிகளையும் வாசித்த ராக் ஆல்பங்களில் மிக முந்தியவற்றில் ஒன்று. பீட்டில்ஸ் பாணிக் கூட்டுக்குரலும் கனத்த கிட்டாரும் அதில் உண்டு. பவர் பாப்பின் மூலவர்களாகக் கும்பிடப்படும் பிக் ஸ்டார், ராஸ்பெர்ரீஸ் குழுக்களின் முதல் ஆல்பங்கள் வந்தது 1972இல்தான். ஃபேன்னி என்பது அமெரிக்கப் பேச்சுவழக்கில் பின்புறத்துக்கான சொல். அதை வைத்து இரட்டை அர்த்த வாசகம் எழுதி, ஸ்டிக்கர் அடித்து விளம்பரம் செய்தார்கள். நான்கு பெண்கள் நான்கு கருவிகளை வாசிப்பதைச் சொல்லி விற்பதைவிட அது சுலபமாகத் தோன்றியிருக்கிறது. 1999இல் டேவிட் போவி அவர்களை மிகச் சிறந்த குழுக்களில் ஒன்றெனப் புகழ்ந்து, மறக்கப்பட்டுவிட்டார்களே என்று வருந்தினார். ஒரு ஆண் வருந்திய பிறகுதான் பலருக்கும் அந்தப் பெயரே தெரியவந்தது.

ஃபேன்னி முழுக்கப் பவர் பாப் அல்ல என்பீர்கள். தி ஹூவும் முழுக்க அல்ல. பேர்ட்ஸும் அல்ல. அவர்களுக்கு மட்டும் 'முன்னோடிகள்' என்று ஒரு தனி வரிசை போட்டு நாற்காலி கொடுக்கிறீர்களே, அந்த வரிசையில் இன்னொரு நாற்காலிக்கு இடமில்லையா?

இனி பிக் ஸ்டார். எனக்குப் பிடித்த குழு. மெம்ஃபிஸ் நகரத்துக்காரர்கள். 1972இல் அருமையான ஆல்பம் போட்டார்கள், விநியோகக் குளறுபடியால் அது கடைகளுக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. 1974இல் இன்னொன்று, அதற்கும் அதே கதி. 1978இல் கிறிஸ் பெல் கார் விபத்தில் இறந்தார். இந்தத் துயரம் உண்மையானது. ஆனால் அதன் மேல் கட்டப்பட்டிருக்கும் கோயில் ஆண்களின் தோல்விக்கு மட்டுமே எழுப்பப்பட்ட கோயில். ஆண் விற்காவிட்டால் காலத்தை மீறிய மேதை. பெண் விற்றால் காலத்தோடு போன கேளிக்கை. பெண்ணும் விற்காவிட்டால்? அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, அது இயல்பு. 'கவனிக்கப்படாதவர்' என்பதுகூட ஒரு பட்டம்தான். அந்தப் பட்டத்தையும் ஆணுக்கே கொடுக்கிறோம்.

பிக் ஸ்டாரின் 'செப்டம்பர் கர்ல்ஸ்' பாட்டை 1986இல் தங்கள் ஆல்பத்தில் சேர்த்து, லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனவர்கள் பேங்கிள்ஸ். பாடியவர் அவர்களுடைய பேஸ் கிட்டார் கலைஞர் மைக்கேல் ஸ்டீல், பெயர் அப்படியே தவிர அவர் பெண். 1976இல் ஒரே ஒரு சிறு இசைத்தட்டு வெளியிட்டுக் கலைந்த தி நெர்வ்ஸ் குழுவின் 'ஹேங்கிங் ஆன் த டெலிபோன்' இன்று எல்லாருக்கும் தெரிகிறது என்றால், 1978இல் ப்ளாண்டி குழுவின் டெபி ஹாரி பாடியதால் தெரிகிறது. நண்பரின் பட்டியலில் பிக் ஸ்டார் உண்டு, நெர்வ்ஸ் உண்டு. அவர்களைச் சுமந்துவந்த பெண்கள் இல்லை. பெண்ணின் பாட்டை ஆண்கள் எடுத்துப் பாடினால் அது மேதைமையின் தொடக்கம். ஆணின் பாட்டைப் பெண்கள் எடுத்துப் பாடினால் அது நீர்த்துப்போன வடிவம். ஒரே செயலுக்கு இரண்டு பெயர்.

கோ-கோஸ் கதை இன்னும் வெளிப்படையானது. லாஸ் ஏஞ்சலிஸின் பங்க் மேடைகளில் வளர்ந்த ஐந்து பெண்கள். அரங்கு நிறைந்தது, ஆனால் நிறுவனங்கள் கையெழுத்திடத் தயங்கின. பெண்கள் குழு விற்காது என்பதுதான் காரணம். கடைசியில் சிறிய நிறுவனம் ஒன்றின் மூலம் 1981இல் வந்த முதல் ஆல்பம், 1982இல் அமெரிக்க வரிசையில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. தாங்களே எழுதி, தாங்களே வாசித்து அந்த இடத்தைப் பிடித்த முதல் பெண்கள் குழு அது. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட, முதல் இசைத்தட்டு வந்து 25 ஆண்டுகள் கழிந்தால் தகுதி. இவர்கள் உள்ளே நுழைந்தது 2021இல்.

வென்றவர்கள் இவர்கள். நண்பர் கேட்டது கவனிக்கப்படாதவர்களைத்தானே? அதற்கும் பெயர்கள் உண்டு. ஹாலி அண்ட் தி இட்டாலியன்ஸ்: பாட்டெழுதிப் பாடிக் கிட்டார் வாசித்த ஹாலி பெத் வின்சென்டின் குழு. 1979இல் ஒரு கூர்மையான பாட்டு, 1981இல் அருமையான ஒரே ஆல்பம், அவ்வளவுதான். அந்த முதல் பாட்டை 1988இல் வேறு குழு எடுத்துப் பாடியபோது, மூலம் யாருடையது என்று தேடியவர்கள் எத்தனை பேர்? ஜப்பானின் ஒசாகாவில் ஷோனென் நைஃப்: 1981இல் நவோகோ, அட்சுகோ யமானோ சகோதரிகளும் தோழி மிச்சியே நகதானியும் தொடங்கியது. அலுவலக வேலைக்குப் போய்க்கொண்டே, தின்பண்டங்களையும் அன்றாடத்தையும் பாட்டாக்கினார்கள். 1991இல் நிர்வாணா தங்கள் பயணத்தில் அவர்களை முன்மேடைக்கு அழைத்துக்கொண்டது. நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் வாசிக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதுவோர் பலரும் முதலில் கைநீட்டும் சொல் 'சுட்டித்தனம்'. நாற்பது ஆண்டு உழைப்புக்கு அது பெயர் அல்ல.

தமிழ் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பட்டியலும் தொகுப்பும்தான் என் தொழில். எட்டுத்தொகையைப் பாடம் நடத்துகிறவளுக்குத் தொகுத்தவரின் கை எவ்வளவு வலியது என்று தெரியும். தொகையில் ஏறியது இலக்கியம், ஏறாதது காற்று. தொகுப்பொன்றுக்கு என் கவிதைகளைக் கேட்டவர், "பெண்கள் பகுதியில் போடுகிறோம்" என்றார். ஆண்கள் பகுதி என்று ஒன்று இருந்ததா என்று கேட்டேன். இல்லை, மற்றதெல்லாம் வெறும் 'கவிதை'. பேங்கிள்ஸுக்கு நடந்தது எனக்குப் புரிவதற்கு அமெரிக்கா போக வேண்டியிருக்கவில்லை.

பிக் ஸ்டாரை இறக்கிவிடச் சொல்லவில்லை. பட்டியலின் தலைப்பை மாற்றுங்கள், அல்லது பட்டியலை மாற்றுங்கள். 'கவனிக்கப்படாத ஆண்கள்' என்று எழுதினால் சண்டையில்லை. 'பவர் பாப்' என்று எழுதினால் 1961இல் தொடங்குங்கள், இங்க்ஸ்டர் பள்ளியிலிருந்து. ஜார்ஜியா டாபின்ஸ் பெயரை முதலில் எழுதுங்கள்.

நண்பரின் தாளின் பின்பக்கம் காலியாக இருந்தது. நான் சொன்ன பெயர்களை அதில் எழுதி அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "இதைத் தனிப் பட்டியலா வெச்சுக்கலாம் தோழர்" என்றார். வேண்டாம் என்றேன். முன்பக்கத்திலேயே, இடையிடையே எழுதச் சொன்னேன். இன்னும் எழுதவில்லை.

அந்த மாணவி ஆண்டுவிழா மேடையில் ஏறவே இல்லை. அவளுடைய கிட்டாரை அன்று வாசித்த பையன் மூன்றே சுரக்கோவைகளைத்தான் அறிந்திருந்தான். கைதட்டல் பலமாக இருந்தது.