மோட்டாரைக் கழட்டுறதுக்கு முன்னாடி...

பழைய சைக்கிளுக்கு மோட்டார் மாட்டி ஓட்டுறவங்களை இப்பல்லாம் சாமளாபுரம், காரணம்பேட்டை, சோமனூர் பக்கம் அங்கங்க பார்க்க முடியுது. பெரும்பாலும் தறிக்குப் போறவங்க. நைட் ஷிப்டு முழுக்க நின்னுட்டு, காலையில ஏழெட்டு கிலோமீட்டர் எதிர்காத்துல மிதிச்சு வீடு வந்து சேர்றதுன்னா அம்பது வயசுக்காரருக்கு முட்டி கழண்டுடும். பெட்ரோல் வண்டி வெச்சா கூலியில பாதி அதுக்கே போயிரும். அதனால பின் சக்கரத்துல ஒரு ஹப் மோட்டார், கேரியர்ல ஒரு பேட்டரி, ஹேண்டில்பார்ல ஒரு ஆக்சிலேட்டர். வண்டி ரெடி.

எனக்கு இதுல எந்த ஆட்சேபணையும் இல்லீங்க. ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம். 1946-ல ஜப்பான்ல சோய்சிரோ ஹோண்டா, ராணுவத்துல மிச்சமான வயர்லெஸ் ஜெனரேட்டர் எஞ்சின்களை வாங்கி சைக்கிள்ல மாட்டி வித்துத்தான் வண்டித் தொழிலையே ஆரம்பிச்சார். நம்ம நாட்டுல 1972-ல வந்த லூனா, 1980-ல ஓசூர்ல இருந்து வந்த டிவிஎஸ் 50 எல்லாமே பெடலை விடாம வெச்சிருந்த வண்டிங்கதான். வீட்டுல கட்டின மோட்டார் சைக்கிளைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வர்றது வேற. இந்த வண்டி மக்கர் பண்ணினா எல்லாருக்கும் முதல் சந்தேகம் மோட்டார் மேலதான். உடனே ஹப்பைக் கழட்டி, காயில் கட்டுற கடைக்குத் தூக்கிட்டு ஓடுறாங்க. தறி நின்னா பிட்டர் அப்படியா பண்றார்? நூல் அறுந்திருக்கா, நாடா எங்க நின்னிருக்கு, பெல்ட் தளர்ந்திருக்கானு பார்த்துட்டு, மோட்டார் பக்கம் கடைசியாத்தான் போவார். சைக்கிளுக்கும் அதே வரிசைதான் வேணும்ங்கறது என் கட்சி. பிரேக், சக்கரம், வயர், பேட்டரி, அப்புறம் மோட்டார்.

பிரேக்கை ஏன் முதல்ல சொல்றேன்? 12 கிலோமீட்டர் வேகத்துல போற சைக்கிளை 24-ல ஓட்டினா, நிறுத்த வேண்டிய சக்தி ரெண்டு மடங்கு இல்லீங்க, நாலு மடங்கு. வேகத்தோட வர்க்கத்துல ஏறுற கணக்கு அது. போதாததுக்கு மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து ஆறேழு கிலோ எடை வேற. ஆனா நிறுத்தறதுக்கு நம்மகிட்ட இருக்கறது அதே பழைய கம்பி பிரேக், தேய்ஞ்ச ரப்பர் கட்டை. இரும்பு ரிம் மழையில நனைஞ்சா அந்த ரப்பர் பிடிக்கவே பிடிக்காது. மோட்டாருக்குச் செலவு பண்ற காசுல கொஞ்சத்தை எடுத்து முன் சக்கரத்துக்காவது நல்ல பிரேக் போடுங்க. பிரேக் லீவர்ல கட்-ஆப் சுவிட்ச் கட்டாயம் வேணும். லீவரைப் பிடிச்ச உடனே மோட்டாருக்குக் கரண்ட் நிக்கணும்.

அடுத்தது சக்கரம். ஹப் மோட்டார் போட்ட சக்கரத்துல இழுவை முழுசும் போக்ஸ் கம்பி வழியாத்தான் போகுது. புதுசா கட்டின சக்கரம் முதல் நூறு கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவை தளரும். சைக்கிள் கடையில கொடுத்து கம்பியை இறுக்கி பெண்டு எடுத்துடுங்க. விட்டா ஒண்ணு அறுந்து, பக்கத்துல இருக்கறதும் வரிசையா அறும். அச்சு நட்டை வாரம் ஒரு தடவை ஸ்பேனர் வெச்சுப் பாருங்க. மோட்டார் சக்கரத்தை முன்னாடி தள்ளும்போது அச்சு பின்பக்கமா முறுக்கிக்கும். அதைத் தடுக்கத்தான் டார்க் ஆர்ம்னு ஒரு இரும்புப் பட்டை. அது இல்லாம நட்டும் தளர்ந்துட்டா, அச்சு காடியிலயே சுத்தி, உள்ள போற வயரை முறுக்கி அறுத்துடும். மோட்டார் போச்சுன்னு கடைக்கு வர்ற கேஸ் சிலது உண்மையில இந்த நட்டு கேஸ்தான்.

இனி வயர். வண்டி சுத்தமா நகரலைன்னா முதல்ல பிரேக் கட்-ஆப் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்க. சுவிட்ச் ஒட்டிக்கிட்டு நின்னா கன்ட்ரோலர், பிரேக் பிடிச்சிருக்குன்னே நினைச்சுக்கும். அடுத்து ஆக்சிலேட்டர். மல்டிமீட்டர்ல சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவுல 5 வோல்ட் வரணும். சிக்னல் வயர்ல சும்மா இருக்கும்போது 1 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழ, முழுசா முறுக்கினா 3.5-க்கு மேல.

வண்டி கிளம்பும்போது நடுங்குதா, திக்கித் திக்கிப் போகுதா? ஹால் சென்சாரைப் பாருங்க. மோட்டார்ல இருந்து வர்ற மெல்லிசான வயர்ல சிவப்பு, கறுப்பு போக மஞ்சள், பச்சை, நீலம்னு மூணு இருக்கும். சுவிட்சைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாம, கையால சக்கரத்தை மெதுவா சுத்தினா மூணுலயும் வோல்ட் 0-க்கும் 5-க்கும் மாறி மாறி வரணும். ஒண்ணு மட்டும் மாறலைன்னா தகராறு அங்கதான். (கியர் வெச்ச ஹப்புன்னா சக்கரத்தைப் பின்பக்கமா சுத்தணும்.)

சக்கரம் கனமா, கடக் கடக்னு சுத்துதுன்னா மூணு தடி வயரையும் கன்ட்ரோலர்ல இருந்து கழட்டுங்க, ஒண்ணோட ஒண்ணு தொடாம. சக்கரம் லேசாயிட்டா கோளாறு கன்ட்ரோலர்ல. அப்பவும் கனமாவே இருந்தா அச்சுக்குள்ள வயர் நசுங்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கலாம். இப்பதான் மோட்டாரைக் கழட்டணும். பாருங்க, எவ்வளவு தள்ளி வந்து மோட்டாரைத் தொடுறோம்னு :-)

பேட்டரிக்கு வருவோம். இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

36 வோல்ட் லித்தியம் பேட்டரி முழு சார்ஜ்ல 42 வோல்ட் காட்டும், 30-க்குப் பக்கத்துல வந்தா உள்ள இருக்கற பாதுகாப்பு போர்டு கட் பண்ணிடும். நிக்கும்போது 40 காட்டிட்டு, மேட்டுல ஏறும்போது சடார்னு 32-க்கு விழுந்தா செல் சோர்ந்துபோச்சுன்னு அர்த்தம். அந்த பேட்டரியை ஓரங்கட்டணும். பழைய லேப்டாப் செல்லை உருவி, வீட்டுல பற்ற வெச்சு பேட்டரி கட்டுற வேலை வேண்டவே வேண்டாம். பாதுகாப்பு போர்டைத் தாண்டி நேரா வயர் இழுக்கறதும் வேண்டாம்.

2022 மார்ச்சுல வேலூர்ல, வீட்டுல ராத்திரி சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடிச்சு, அப்பாவும் மகளும் புகையில மூச்சுத் திணறி இறந்துபோனாங்க. அந்த வருஷம் நடந்த தீ விபத்துகளுக்கு அப்புறம்தான் மத்திய அரசு பேட்டரி சோதனை விதியை, ஏஐஎஸ் 156-னு சொல்வாங்க, இன்னும் கடுமையாக்குச்சு. ஆனா அதெல்லாம் கம்பெனி வண்டிக்கு. நாம வீட்டுல கட்டினதை யாரும் சோதிச்சுப் பார்க்கப் போறதில்லை.

இந்த லட்சணத்துல, ஷிப்டுக்கு வர்றவர் பேட்டரியை எங்க சார்ஜ் போடுறார்? தறிக் குடோனுக்குள்ள, சுவிட்ச் போர்டுக்குக் கீழ. சுவரெல்லாம் பஞ்சு தூசி, மூலையில கழிவு நூல் மூட்டை, பக்கத்துல பாவு. பஞ்சையும் நெருப்பையும் பக்கத்துல வைக்காதேன்னு நம்ம பெரியவங்க சொன்னது வேற அர்த்தத்துல. இங்க நிஜமாவே அப்படித்தான் வெச்சிருக்கோம். உள்ள எட்டு பேர் வேலை செய்யறாங்க.

"சார்ஜ் போடாதே"ன்னு ஓனர் திட்டுறது தீர்வு இல்லீங்க. திட்டினா ஒளிச்சு வெச்சுப் போடுவாங்க, அது இன்னும் ஆபத்து. குடோனுக்கு வெளிய, வெயில் படாத தகரக் கூரைக்குக் கீழ, சிமெண்ட் தரையில ஒரு பிளக் பாயிண்ட் கொடுக்கட்டும். 36 வோல்ட், 8 ஆம்பியர் பேட்டரி ஒரு தடவை முழுசா ஏற மூணுல ஒரு பங்கு யூனிட் கரண்ட்தான் ஆகும். அந்தக் காசு எந்த ஓனருக்கும் பெருசில்லை. ஓட்டுறவங்களும் வந்த உடனே சூட்டோட சார்ஜ் போடாம, கொஞ்ச நேரம் ஆற விட்டுப் போடட்டும்.

சட்டத்தையும் சொல்லிடறேன். பேட்டரி சைக்கிள் மோட்டார் வாகனக் கணக்குல வராம இருக்கணும்னா மோட்டார் 250 வாட்டுக்குக் கீழ, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழ இருக்கணும். பெட்ரோல்னா 1988 சட்டப்படி 25 சிசி வரைதான் விலக்கு. 48 சிசி, 80 சிசினு விக்கிற எஞ்சின் கிட் எல்லாம் அதுக்கு மேல. "1000 வாட் போட்டா பறக்கும்"னு ஆசை காட்டுறவங்களை நம்பாதீங்க. நம்ம ரோட்டுக்கும் நம்ம சைக்கிள் பிரேக்குக்கும் 25-ஏ தாராளம்.

டிஸ்கி: பேட்டரி உப்பியிருந்தாலோ, ஒரு மாதிரி இனிப்பு வாசனை வந்தாலோ, தண்ணிக்குள்ள விழுந்து எடுத்ததா இருந்தாலோ "இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்"ங்கற பேச்சே வேண்டாம். வீட்டுக்கு வெளிய வெச்சுடுங்க.