பிழைக்கக் கற்றல்

மெய்நிகர் விளையாட்டுகளின் வழியே சிறுவர்க்கு நிரலெழுதக் கற்பிக்கலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அது பெருநகரத்துப் பணக்காரப் பள்ளிகளின் சங்கதி என்று ஒதுக்கிவிடுகிறோம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துக்கே அது முதலில் வரவேண்டும் என்பது நம் கட்சி.

நிரல் என்பது கட்டளைகளின் வரிசை. வாணவெடி மேலேற வேண்டும். உள்திரி எரியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகே விரிய வேண்டும். ஏறு, காத்திரு, விரி என்பதே ஒரு நிரல்தான். சங்குசக்கரத்தைத் திரையில் ஒரு சுற்றுச் சுழற்ற, '10 பாகை திரும்பு' என்பதை 36 முறை சொன்னால் போதும். பட்டாசுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இவ்வரிசையின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அங்கே பிழையின் விலை வேறு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மணிமருந்துக் கலவையில் உராய்வு என்ற ஒற்றைவரிச் செய்தியை அதன் பின்னும் பலமுறை படித்துவிட்டோம். மெய்நிகர் வானில் 'காத்திரு' விடுபட்டால் வெடி தரையிலேயே சிதறும். பிள்ளை சிரித்துவிட்டு வரியைத் திருத்தும். தொட்டுப் பார், குலைந்தால் மறுபடி செய் என்று சொல்ல அவ்வட்டாரத்தில் ஓரிடம் வேண்டாமா?

செலவு என்பார்கள். ஆலிஸ் என்ற மென்பொருளின் கதையை அவர்களுக்கு நினைவூட்டலாம். 1990களில் விர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ராண்டி பாஷின் குழு அதை மெய்நிகர் உலகங்களை விரைந்து உருவாக்கிப் பார்க்கும் கருவியாகத் தொடங்கியது. கார்னகி மெலனுக்கு இடம்பெயர்ந்தபின் அது மாணவர்க்கு நிரல் கற்பிக்கும் கருவியாயிற்று. முப்பரிமாண உலகம் சாதாரணக் கணினித்திரையிலேயே நின்றது. தலையில் மாட்டும் கருவி இன்றியமையாததாக இருக்கவில்லை. கண்ணை மயக்கும் காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பது கல்வியாகாது. அக்காட்சியைத் தன் கட்டளையால் மாற்றும்போதே கல்வி தொடங்குகிறது.

அதற்கான அடித்தளம் இங்கே உண்டு. அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்திருக்கின்றன. 2019இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ஸ்கிராட்ச் இடம்பெற்றது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழி, தமிழ்ச்சொற்களாலேயே கணினிக்குக் கட்டளையிடலாம் என்று காட்டிவிட்டது. ஆய்வகத்தைத் தேர்வுக்கும் காணொளிக்கும் மட்டும் ஒதுக்காமல், வாரத்தில் ஒரு மாலையாவது பிள்ளைகளின் விளையாட்டுக்குத் திறந்துவிட வேண்டும். நாம் கேட்பது அவ்வளவே.

சிவகாசிச் சிறுவர் உழைப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. தொழிற்கூடத்திலிருந்து மீட்ட கைகளில் எதைக் கொடுத்தோம் என்ற கேள்வி அன்றுமுதல் நம்மைத் தொடர்கிறது. பிழைத்தல் என்ற சொல்லுக்குத் தவறுதல் என்றும் பொருள், உயிர்வாழ்தல் என்றும் பொருள். முன்னதற்கு அஞ்சாமல் பின்னதைக் கற்கும் வாய்ப்பு அந்தப் பிள்ளைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.