உண்டியலில் அடைபட்ட அன்பு

அமாவாசை இரவில் மேல்மலையனூர் உறங்குவதில்லை. அங்காளம்மன் கோயிலின் நள்ளிரவு ஊஞ்சல் உற்சவத்தைக் காணச் செஞ்சி வழியாகவும் திருவண்ணாமலை வழியாகவும் மக்கள் திரள் திரளாய் வந்து சேர்கின்றனர். கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி பேருந்துக்குக் காத்து நிற்கும் தாய்மாரை மாதந்தோறும் பார்க்கிறோம். சென்ற கோடையில், நம் மறைக்கல்வி வகுப்புச் சிறார் சாலையோரத்தில் இரண்டு மண்பானை வைத்து அவர்களுக்குத் தண்ணீர் வழங்கட்டும் என்றோம். அதற்கு எழுந்த எதிர்ப்பே இக்கட்டுரையை எழுத வைத்தது.

முதல் எதிர்ப்பு உரத்த குரலில் வந்தது. பிற சமயத் திருவிழாவுக்கு நம் பிள்ளைகள் துணைபோகலாமா என்றனர். இதற்கு விடையளிப்பது எளிது. எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனிடம், எந்த ஆலயத்தில் தொழுகிறாய் என்று சமாரியன் விசாரிக்கவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு முணுமுணுப்பாக வந்தது. பானையில் சொம்பை விட்டு மொள்ளும் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளை? பொழுது சாயுமுன் சில பிள்ளைகளை வீட்டார் வந்து அழைத்துக்கொண்டு போயினர். அவர்களுள் ஒருத்தி, புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்து, நம் கையாலேயே முதற்பரிசு பெற்றவள். குற்றம் அச்சிறுமியுடையதன்று. அன்பை மனப்பாடப் போட்டியாக்கிக் கோப்பை வழங்கியவர்கள் நாம்.

நான்சி நகர் ஆயர் ஃபோர்பின் ஜான்சன் 1843-இல் திருப்பாலத்துவ சபையைத் தொடங்கியபோது, சீன நாட்டுச் சிறாருக்காகப் பிரெஞ்சுச் சிறாரிடம் கேட்டவை இரண்டே: நாள்தோறும் ஒரு சிறு செபம், மாதந்தோறும் ஒரு காசு. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் அன்பை வைத்தவர் அவர். நாமோ செபத்தை அவசரமாய் முடித்துவிட்டுக் காசைப் பிடித்துக்கொண்டோம். அக்காசும் பிள்ளையுடையதன்று, ஞாயிறு காலையில் தந்தையின் சட்டைப்பையிலிருந்து வருவது. உண்டியல் நிறைகிறது, பிள்ளை எதையும் இழக்கவில்லை. முகமறியாத தொலைதேசக் குழந்தைக்காக இரங்கும் அப்பிள்ளைக்கு, அடுத்த தெருக் குழந்தை மொண்டு தரும் தண்ணீர் ஆகாததாகிவிடுகிறது!

ஐந்து வயதில் இதெல்லாம் விளங்குமா என்று கேட்போர் உண்டு. எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது அதே ஐந்து வயதில் விளங்கிவிடுகிறதே! அதற்குப் பாடநூல் இல்லை, தேர்வு இல்லை. திண்ணையிலேயே கற்பித்து முடித்துவிடுகிறார்கள். அப்பாடம் முற்றினால் என்னவாகும் என்பதை உளுந்தூர்ப்பேட்டை அருகே எறையூரில் 2008 மார்ச்சில் கண்டோம். தனிப் பங்கு கோரிய தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் மோதல் மூள, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இரு தரப்பினரும் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள். 2016-இல் இந்திய ஆயர் பேரவை சாதிப் பாகுபாட்டைப் பாவமெனக் கண்டித்துக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. நல்லதே, ஆனால் அதைப் பங்குத்தந்தையரே எத்தனை பேர் படித்தோம்?

சலவைத் துறையில் எதிரே நின்ற சகோதரி அழுக்கு நீரை முகத்தில் தெறிக்கவிட்டபோதும் விலகாமல் நின்றவர் புனித குழந்தை தெரேசாள். 24 வயதில் இறந்த அவரை 1997-இல் திருச்சபை மறைவல்லுநராக அறிவித்தது. அவரது சிறு வழி இத்தகைய சிறு செயல்களால் ஆனது. ஆகவே இதயப் படத்துக்கு வண்ணம் தீட்டும் தாள்களைச் சில வாரங்கள் மூடி வைப்போம். காய்ச்சலால் வகுப்புக்கு வராத காலனிப் பிள்ளையின் வீட்டுக்கு இருவர் இருவராய்ப் போகட்டும். விடுபட்ட பாடத்தைச் சொல்லிக் கொடுத்து, அவ்வீட்டில் தரும் தண்ணீரைக் குடித்துவிட்டு வரட்டும். வீட்டுப்பாடம் அவ்வளவே. பெற்றோர் சினம் கொள்வர். அச்சினம் பிள்ளையின் முதுகில் விழாமல் பங்குமனை வாசலுக்கு வரட்டும். நாம் அங்கேதான் இருப்போம்.

வரும் அமாவாசைக்கும் பானை வைக்கிறோம். மொள்ளும் பொறுப்பு காலனிப் பிள்ளைகளுக்கு. முதல் சொம்புத் தண்ணீரை நாம் வாங்கிக் குடிப்பதாக இருக்கிறோம். சென்ற முறை பிள்ளைகளை அழைத்துச் சென்ற வீடுகளுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.