மூட்டையை அவிழ்க்காமல் ஒரு முத்து

ஒவ்வோர் ஆண்டும் சங்கப் பொறுப்பு கைமாறும்போது, பழைய செயலவை புதிய செயலவையிடம் ஒரு மூட்டையை ஒப்படைப்பது வழக்கம். ஆண்டு மலரின் பக்கங்கள், நாடகப் பிரதிகள், விழாப் படங்கள் எல்லாம் அடைத்த ஸிப் கோப்பு அது. ஒரு மூட்டையென்றால் சுட்டியால் சொடுக்கித் தேடிவிடலாம். இருபது ஆண்டு மூட்டைகளில் ஒரு கவிதையைத் தேட யாருக்குப் பொறுமை உண்டு? படைப்புகள் அழியவில்லை, ஆனால் வாசிப்பாரும் இல்லை. இது அழிவுக்கு எவ்வளவு தொலைவு?

இதற்கு ஒரு சிறு நிரல் போதும் என்பதே என் கருத்து. 1989-இல் பில் காட்ஸ் அறிமுகப்படுத்திய ஸிப் முறையில், கோப்புகளின் பெயர்ப்பட்டியல் மூட்டையின் இறுதியில் இருக்கிறது. எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது என்பதும் அதில் உண்டு. நிரல் நேரே பட்டியலுக்குப் போய், வேண்டிய ஒன்றை மட்டும் விரித்துத் தரும். காந்த நாடாவுக்காகப் பிறந்த டார் முறையில் அத்தகைய பட்டியல் இல்லை. அதை ஜிஸிப்பால் சுருக்கிவிட்டாலோ, கடைசிக் கோப்புக்காக முதலிலிருந்து விரித்துக்கொண்டே வர வேண்டும்.

பைத்தான் மொழியில் ஸிப்ஃபைல் என்ற கருவி உடன் வருகிறது. மூட்டையைத் திற, பெயர்களைப் பார், பொருந்துவதைப் படி, தனியே எழுது. பத்து வரிக்குள் முடிந்துவிடும்.

ஆனால் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ‘பொங்கல்’ என்ற பெயரில் உள்ள ‘பொ’வின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். பழைய மேக்கின்டாஷ் கணினிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நிரலுக்கு வெவ்வேறு. ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றாவிட்டால், இருக்கும் கோப்பையே ‘இல்லை’ என்று நிரல் சொல்லிவிடும்.

இதை ஆங்கிலப் பெயர்களை வைத்தே விளக்கும் பாடநூல் சொல்லித் தராது. ‘பொ’வில் கொம்பும் காலும் உண்டென்று நமக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கரும்பலகையில் காட்டினார். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் கணினியை மலாயில் தெரிந்துகொண்டோம். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படிக்கிறோம். தமிழறிவு ஒரு பக்கம், கணினியறிவு ஒரு பக்கம் என்று நாமே பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டும் சேரும் இடத்தில்தான் நம் படைப்புகள் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. அவற்றை மீட்க வெளியிலிருந்து ஒருவர் வரப்போவதில்லை.

ஆகவே செயலவைகளுக்கு மூன்று வேண்டுகோள். ஸிப் முறையிலேயே அடையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஆண்டு, படைத்தவர், தலைப்பு என்ற வரிசையில் பெயரிடுங்கள். எடுக்கும் நிரலையும் மூட்டையோடு சேர்த்து ஒப்படையுங்கள்.

தமிழுக்குத் தொண்டு மேடையில் மட்டும்தான் என்பதில்லை, நண்பர்களே. மூத்தவர் ஒருவரின் கவிதையை அடுத்த தலைமுறை மாணவன் எடுத்துப் படிக்க வழி செய்யும் அந்தப் பத்து வரியும் தமிழ்த்தொண்டுதான்.