வைர மோதிரமா? பில்லைப் பாருங்க!

சென்னை.
நிச்சயதார்த்த மோதிரத்தில் "ஒரு வைரக்கல் இருக்கட்டுமே" என்ற பேச்சு இப்போது குமாஸ்தா வீட்டிலும் கேட்கிறது. முதல் தடவை வாங்குகிறவர் கோட்டை விடும் இடம் எது?

"ஹால்மார்க் இருக்கே, அப்புறம் என்ன பயம்?" என்பார்கள். அங்கேதான் கோளாறு! ஹால்மார்க்கும் 6 இலக்க எச்.யூ.ஐ.டி. எண்ணும் தங்கத்துக்குத்தான் சாட்சி. கல்லுக்கு அல்ல!

காரட் குழப்பம்

தங்கத்தில் காரட் என்றால் மாற்று. வைரத்திலோ எடை. 1 காரட் 200 மில்லிகிராம். அதாவது 100 சென்ட். "மொத்தம் 1 காரட்" என்றால் பொடிக்கற்களாகவும் இருக்கலாம். ஒற்றைக் கல்லின் விலை அதற்குக் கிடையாது!

லேப் வைரம்

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கல்லும் அசல் வைரமே. பழகின பத்தர் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. கருவிக்குத்தான் தெரியும். இந்த ஆராய்ச்சிக்கென 2023-ல் மத்திய அரசு சென்னை ஐ.ஐ.டி.க்கு 5 ஆண்டுக்கு ரூ.242 கோடி அறிவித்தது. உற்பத்தி பெருகியது, விலை சரிந்தது. லேப் கல்லைச் சுரங்கக் கல் விலைக்கு வாங்கினால் சேமிப்பு அம்போ!

என்ன வழி?

சுரங்கமா, லேபா என்று பில்லில் எழுதி வாங்க வேண்டும். ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. சான்றிதழ் தந்தால், அதன் எண்ணை அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு? அதுவும் பில்லில் ஏற வேண்டும். கடைக்காரரின் வாய் வார்த்தை அடகுக் கடையில் செல்லாது!