ஃப்ரீஸரில் இருப்பது பிள்ளையா?



"கருவும் ஒரு உயிர்தானே? அதைக் குழந்தை என்று சட்டமே சொல்லிவிட்டால் என்ன தப்பு?" என்று யாராவது கேட்டால், நம்மில் முக்கால்வாசிப் பேர் "தப்பே இல்லை" என்றுதான் சொல்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில், 2024-ல் கோர்ட்டே அப்படிச் சொன்ன பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஒரு பிள்ளைக்காகத் தவம் கிடந்த பெண்களுக்குத்தான் முதல் அடி விழுந்தது.

கதை 2020 டிசம்பரில் ஆரம்பிக்கிறது. அந்த மாநிலத்தில் மொபைல் என்று ஒரு ஊர். (செல்போன் இல்லீங்க, ஊர்ப் பெயரே அதுதான்!) அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் டெஸ்ட் டியூப் சிகிச்சைக்கு வந்த தம்பதிகளின் கருக்களை உறைய வைத்திருந்தார்கள். அதே ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நோயாளி, தடுப்பார் யாருமில்லாமல் அந்த அறைக்குள் போய், உள்ளே இருந்ததைக் கையில் எடுத்துவிட்டார். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி குளிரில் இருக்கிற பொருள். தொட்டால் நெருப்பு பட்ட மாதிரிதான். கை பொத்துப்போய் அப்படியே தரையில் போட்டுவிட்டார். மூன்று தம்பதிகளின் கருக்கள் போச்சு.

அவர்கள் கேஸ் போட்டதில் நியாயம் இருக்கிறது. பூட்டி வைக்க வேண்டியதைப் பூட்டாமல் விட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? கீழ்க்கோர்ட் "கரு குழந்தை ஆகாது" என்று தள்ளிவிட்டது. மாநில உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 16-ல் அதை மாற்றி, இறந்துபோன குழந்தைக்காகப் பெற்றவர்கள் இழப்பீடு கேட்கலாம் என்கிற சட்டம், கர்ப்பப்பைக்கு வெளியே இருக்கிற கருவுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பு சொன்னது. அது எந்த வருஷத்துச் சட்டம் என்கிறீர்கள்? 1872! உலகத்தின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை இங்கிலாந்தில் பிறந்ததே 1978-ல்தான். தலைமை நீதிபதியோ தனியாக ஒரு தீர்ப்பு எழுதி, அதில் பைபிள் வசனங்களையும் சேர்த்தார்.

ஒரு வாரம் கூட ஆகவில்லை. பர்மிங்காம் நகரில் இருக்கிற அலபாமா பல்கலைக்கழக ஆஸ்பத்திரி இந்தச் சிகிச்சையை நிறுத்தியது. வேறு சில இடங்களும் நிறுத்தின. ஏன் என்று புரிய வேண்டுமானால், இந்தச் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

வயிற்றில் தினம் ஊசி போட்டு, ஒரே சமயத்தில் பல முட்டைகளை வளர்த்து எடுக்கிறார்கள். எடுத்த முட்டை எல்லாம் கருவாகாது. கருவானது எல்லாம் ஐந்து நாள் தாங்காது. தாங்கியதில் ஒன்றை உள்ளே வைத்துவிட்டு, மிச்சத்தை உறைய வைக்கிறார்கள். முதல் தடவை தங்கவில்லை என்றால் அடுத்ததை எடுக்கலாம், மறுபடியும் முதலிலிருந்து ஊசி குத்திக்கொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. உறைந்ததை வெளியே எடுக்கும்போதும் ஒன்றிரண்டு வீணாகும். இயற்கையாகவே பாதி வழியில் நின்றுபோகிற ஒன்றை "குழந்தை" என்றும், அது போனால் "மரணம்" என்றும் சட்டம் சொன்னால், எந்த டாக்டர் கை வைப்பார்? லேபில் வேலை பார்க்கிற பெண்ணுக்குக் கை நடுங்காதா?

அந்த நேரத்தில் பாதி சிகிச்சையில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஊசி எல்லாம் முடிந்து, கருவை உள்ளே வைக்கத் தேதியும் குறித்த பிறகு, "வர வேண்டாம்" என்று போன் வந்தால் எப்படி இருக்கும்? சரி, வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகலாம் என்றால், கருவை எடுத்துப்போகிற கம்பெனியும் பயந்து பின்வாங்கியது. வயது ஏறிக்கொண்டே போகிற பெண்ணுக்கு ஒரு மாசம் என்பது சாதாரணமா?

பெண்கள் சட்டசபை வரைக்கும் போய்ச் சத்தம் போட்டார்கள். 2024 மார்ச் 6-ல், கவர்னர் கே ஐவி (அவரும் பெண்தான்) ஒரு அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். டாக்டர், ஆஸ்பத்திரி மேல் கேஸ் போட முடியாது என்றது அது. சிகிச்சை மறுபடி ஆரம்பித்தது. ஆனால் கரு குழந்தையா இல்லையா என்ற கேள்வியை அந்தச் சட்டம் தொடவே இல்லை. மொபைல் ஆஸ்பத்திரியோ, அந்த வருஷக் கடைசியோடு இந்தச் சிகிச்சையையே நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டது.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். முதலில் கருவுக்கு "குழந்தை" பட்டம் கொடுத்து டாக்டரை விரட்டினார்கள். அப்புறம் டாக்டரைக் காப்பாற்ற, அஜாக்கிரதையால் கரு போனாலும் இனி கேட்க நாதியில்லை என்று ஆக்கினார்கள். இரண்டு பக்கமும் இடி வாங்கியது தாயாக நினைத்தவள்தானே!

அதே அமெரிக்காவில் டென்னஸி மாநில நீதிமன்றம் 1992-லேயே, விவாகரத்தான ஒரு தம்பதியின் வழக்கில், உறைந்த கரு மனிதரும் இல்லை, சொத்தும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் தனி மரியாதைக்கு உரியது என்று சொன்னது. என் சிற்றறிவுக்கு அதுதான் சரியாகப் படுகிறது. மரியாதையும் இருக்கும், சிகிச்சையும் நடக்கும்.

நம் நாட்டில் 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் கருவைப் பிள்ளை என்றும் சொல்லவில்லை, கடைச்சரக்கு மாதிரி விற்கவும் விடவில்லை. அதிகபட்சம் 10 வருஷம்தான் வைத்திருக்கலாம். பிறகு அழிய விட வேண்டும், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். ஆனால் நம்ம வீடுகளில் நடப்பது என்ன? கட்டுக்கட்டாக ஃபாரம் வரும். "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும், போடும்மா கையெழுத்தை" என்பார் மாமியார். கணவர் கடிகாரத்தைப் பார்ப்பார். இந்தப் பெண்ணும் போட்டுவிடும்.

உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ இந்தச் சிகிச்சைக்குப் போனால், கூடப் போகிறவர்கள் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து அதைப் படித்துச் சொல்லுங்கள். எத்தனை கரு உறைய வைக்கிறார்கள், வருஷத்துக்கு எவ்வளவு பணம், கட்டத் தவறினால் என்ன செய்வார்கள், தம்பதி பிரிந்தாலோ ஒருவர் காலமானாலோ யாருடைய முடிவு, இயந்திரம் பழுதாகிக் கரு போனால் யார் பொறுப்பு என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, ஸ்கேன் ரிப்போர்ட் வைக்கிற ஃபைலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்